படத்தின் ஓரத்தில் ஒரு பெயர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நான் படகுக்குப் பெயர் எழுதிய கதையைச் சொல்லப்போய், அதன் கடைசி வரியில் 'பிறகு முப்பத்தொரு வருடம் பாசியும் செடியும் வரைந்தேன்' என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்திருக்கின்றன. படகுக் கதையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இருக்கட்டும்.

பழைய தாவரப் படம் ஒன்றின் நகல் என்னிடம் இருக்கிறது. கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் 'ரங்கையா டெல்.' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. ரங்கையா புரிகிறது. 'டெல்' என்பது அவருடைய ஊரா, குடும்பப் பெயரா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமநாதபுரம்

இரண்டும் இல்லை, ஐயா. 'டெலினியாவிட்' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. 'வரைந்தார்' என்று பொருள். 'ரங்கையா வரைந்தார்.' நானும் முதல் தடவை பார்த்தபோது டெல்லியாக இருக்குமோ என்றுதான் நினைத்தேன்.

உங்கள் கையில் இருப்பது ராபர்ட் வைட் வெளியிட்ட படங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர், 1796இல் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819இல் சென்னைக்கு வந்தார். அந்தக் காலத்து மருத்துவருக்கு மருந்துப் பெட்டியில் பாதிக்கு மேல் வேரும் பட்டையும் விதையும்தான். ஆகவே செடி தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. வைட் அந்தத் தேவையைத் தாண்டிப் போனவர். போன இடமெல்லாம் செடிகளைச் சேகரித்தார், ஆள் வைத்துச் சேகரிக்கச் சொன்னார், கூடவே ஓவியர் ஒருவரையும் வேலைக்கு வைத்துக்கொண்டார். அவர்தான் ரங்கையா. ரங்கையாவின் படங்களை வைட் கடல் தாண்டி கிளாஸ்கோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் 1831 முதல் அவற்றில் சிலவற்றைத் தம் வெளியீட்டில் அச்சிட்டார்.

பிறகு வைட்டே சென்னையில் அச்சுக்கு இறங்கினார். கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லை வழுவழுவென்று தேய்த்து, அதன்மேல் எண்ணெய்ப் பசை உள்ள மையால் படத்தை ஏற்றி, கல்லை நீரால் நனைத்து, அச்சு மையை உருட்டுவார்கள். நனைந்த இடம் மையைத் தள்ளிவிடும், கோடு மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற சமையலறைப் பாடம்தான். இந்த முறையில் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகள், 2101 படங்கள் வந்தன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினைந்து வருடம், இரண்டாயிரத்துச் சொச்சம் படம். வாரத்துக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு செடியை ஒழுங்காக வரைய எனக்குக் குறைந்தது நான்கு நாள் ஆகும்.

ரங்கையாவுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் கோவிந்து. அவர் பேரில் வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். அந்தச் செடி வேறோர் இனத்தைச் சேர்ந்தது என்று பின்னால் முடிவாகிவிட்டதால் பெயர் இன்று புழக்கத்தில் இல்லை. செடிக்கு வைத்த பெயர் நிற்கவில்லை, கல்லில் எழுதிய 'கோவிந்து டெல்.' நின்றுவிட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்தக் காலத்தில் இது அபூர்வம். வைட்டுக்கு ஒரு தலைமுறை முன்னால் ராக்ஸ்பரோ என்று இன்னொரு கம்பெனி மருத்துவர் இருந்தார். சோழமண்டலக் கரையின் செடிகள் என்று 1795 முதல் 1820 வரை லண்டனில் மூன்று பெரிய தொகுதிகள், 300 வண்ணப் படங்கள். அவர் இந்திய ஓவியர்களை வைத்து வரையச்சொன்னவை மொத்தம் 2500க்கும் மேல். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நம் கரையில் மணலைத் தோண்டி எடுத்துச் சிவப்புச் சாயம் இறக்கிய சாயவேர், இம்பூறல் என்று மருந்துக்குப் பயன்படும் அதே செடி, அதில் இருக்கிறது. எந்தக் கை அதை வரைந்தது என்று படத்தில் ஒரு சொல் கிடையாது.

2007இல் எடின்பரோ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நால்ட்டி மூன்று பாகங்களாக ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பிலேயே வைட்டோடு ரங்கையா, கோவிந்து இருவர் பெயரும் இருக்கின்றன. ஓரத்திலிருந்து அட்டைக்கு வர 160 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். முப்பத்தொரு வருடத்தில் என் பெயர் ஒரே ஒரு தடவை அச்சில் வந்தது, நன்றியுரையின் கடைசி வரியில், தட்டச்சருக்கும் ஜீப் ஓட்டுநருக்கும் நடுவில். அதிலும் எழுத்துப் பிழை. படகில் பெயர் எழுதிய நாட்களில் வலதுபக்க மூலையில் என் முதலெழுத்தைக் குட்டியாகப் போட்டுவிடுவேன். ஒரு மீன்பிடிக்காரரும் அதை அழிக்கச் சொன்னதில்லை.

நான் தாவரவியல் படிக்கிறேன். கைப்பேசியில் ஒரு நொடியில் பூவைப் படமெடுத்துவிடலாம். 'இன்னும் எதற்கு வரைகிறாய், வேலை இல்லையா?' என்று வாப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்ல?
மாணவி, கீழக்கரை

வாப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ, மகளே. அடப்பங்கொடி பக்கத்தில் உட்காரவை. கைப்பேசியில் ஒரு படம் எடுக்கச் சொல். பூ கிடைக்கும், அதுவும் காலையில் போனால்தான். வெயில் ஏறினால் வாடிவிடும். காய் கிடைக்காது, அது வேறு கொடியில் இருக்கும். உள்ளே இருக்கும் மயிர் அடர்ந்த விதை கிடைக்காது. புனல் மாதிரிப் பூவுக்குள் மகரந்தக் கம்பிகள் ஐந்தும் ஒரே நீளமா, ஏற்ற இறக்கமா என்பது கிடைக்காது. கணுவில் வேர் விடுவது மணலுக்கு அடியில் இருக்கிறது.

வரைகிற ஆள் இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்துவிடுவார். நடுவில் கொடி, உள்ளபடி அளவில். கீழே பூவை நெடுக்காகப் பிளந்த படம், மகரந்தப் பை, சூலகத்தின் குறுக்குவெட்டு, காய், விதை, ஒவ்வொன்றும் இத்தனை மடங்கு பெரிதாக்கியது என்ற குறிப்போடு. அந்தத் தாளில் இருக்கிற கொடி எந்த மணல்மேட்டிலும் கிடையாது. பத்துக் கொடிகளைப் பார்த்து, பூச்சி கடித்த இலையையும் முறுக்கிக்கொண்ட காம்பையும் ஒதுக்கிவிட்டு, இந்த இனம் என்றால் இப்படித்தான் என்று முடிவு செய்து வரைவது அது. முடிவு செய்ய வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில், வரைவதற்கு முன்னால் ஒரு செடியை எனக்குத் தெரியும் என்று நினைத்ததெல்லாம் பொய்.

அடப்பங்கொடியின் இலையையே எடுத்துக்கொள். நுனியில் பிளந்து இரண்டாக நிற்கும். குறுந்தொகைப் புலவர் அதை மானின் குளம்பு என்றார். ஐரோப்பாவில், செடிகளுக்கு லத்தீன் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல் அதற்கு வைத்த லத்தீன் பெயரின் பொருள் ஆட்டுக்கால். நம் ஊரிலும் ஆட்டுக்கால் அடம்பு என்று சொல்பவர்கள் உண்டு. ஒருவரை ஒருவர் கேள்விப்படாத ஆட்கள் ஒரே இலையைப் பார்த்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மானா ஆடா என்பதில்தான் தகராறு. என் ஓட்டு மானுக்கு. ஆட்டின் குளம்பு அந்த அளவு விரியாது.

நிறத்தில் மட்டும் எச்சரிக்கையாக இரு. பறித்த பத்தாவது நிமிடத்திலிருந்து பூ பொய் சொல்லத் தொடங்கும். ஃபெர்டினாண்ட் பாவர் என்று ஓர் ஆஸ்திரிய ஓவியர், 1801இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய கப்பலில் போனவர். கப்பலில் வண்ணம் தீட்ட நேரம் ஏது? பென்சிலால் உருவத்தை எழுதி, ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணைப் போட்டுவிடுவார். ஒவ்வோர் எண்ணும் ஒரு நிறச்சாயல். ஏறத்தாழ ஆயிரம் சாயல்களுக்கு எண் வைத்திருந்தார். ஊர் திரும்பிப் பல வருடம் உட்கார்ந்து, எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டினார். நான் அவரைப் பார்த்து ஒரு நோட்டில் 140 பச்சை வரை எண் போட்டேன். அதற்குள் பணி ஓய்வு வந்துவிட்டது.

எங்கள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அவர் சொல்கிற பெயர்கள் ஒன்றும் என் பாடப்புத்தகத்தில் இல்லை. பாசியை யாராவது வரைந்து வைத்திருக்கிறார்களா?
பிளஸ் டூ மாணவி, பாம்பன்

கேட்டாயே, தாயே. என் வாழ்நாள் அதில்தான் போயிற்று.

முதலில் அம்மாவின் பெயர்களைக் குறித்துக்கொள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. இவற்றுக்குப் புத்தகப் பெயர் முறையே ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம், டர்பினேரியா. முதல் இரண்டும் அகர் என்ற உறைகூழ் எடுக்க ஆலைக்குப் போகின்றன. கட்டக்கோரையிலிருந்து அல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்கிறார்கள். பக்கோடாப் பாசி என்ற பெயரை முதலில் கேட்டபோது நான் சிரித்தேன். பூதக்கண்ணாடி வைத்து வரைந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மேலே அகன்று கீழே கூம்பி, விளிம்பில் முள் முள்ளாக, உதிரி உதிரியாக ஒரு கொத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். லத்தீன் பெயரில் இருப்பது பம்பரம். உன் அம்மாவோடு போகிற பெண்கள் அதை எண்ணெய்ச் சட்டியில் பார்த்திருக்கிறார்கள். மொறுமொறுப்பைக்கூடச் சேர்த்துச் சொல்லும் பெயர் எது என்று நீயே பார்.

எழுதியவர்கள் உண்டு. எம்.ஓ.பி. அய்யங்கார் உங்கள் பாம்பனுக்கு எதிரே இருக்கிற குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். பாசி ஆய்வில் நம் நாட்டுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் அவர்.

வரைவது வேறு சங்கடம். பாசி தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் பாசி. வெளியே எடுத்தால் ஈரத் துணி மாதிரிச் சுருண்டுவிடும். ஆகவே வெள்ளைத் தட்டில் கடல் தண்ணீர் ஊற்றி, கெட்டித் தாளை அடியில் விட்டு, பாசியை மேலே மிதக்கவிட வேண்டும். ஊசியால் கிளை கிளையாகப் பிரித்து, தாளை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லத் தூக்கினால் பாசி தாளில் படுத்துக்கொள்ளும். மேலே பழைய வெள்ளைத் துணி, அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் கனம். பல பாசிகள் தம் பசையிலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும், கோந்து வேண்டாம். இதை வீட்டிலேயே செய்து பார். செய்தித்தாளைத் தினமும் மாற்று, இல்லாவிட்டால் அம்மா வீட்டை விட்டு உன்னைத் துரத்துவார், அவ்வளவு நாற்றம்.

நுண்ணோக்கியோடு 'கேமரா லூசிடா' என்ற கண்ணாடிக் கருவியைப் பொருத்திக்கொள்வோம். ஒரு கண்ணால் பாசியும் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், பென்சிலை அதன்மேல் ஓட்டலாம். பிறகு கறுப்பு மையில் கோடு. நிழலுக்குக் கோடு போடக் கூடாது, புள்ளிதான். அடர்ந்த புள்ளி இருட்டு, தள்ளிய புள்ளி வெளிச்சம். கஞ்சிப் பாசியின் பெண் செடியில் கொப்புளம் மாதிரிப் புடைப்புகள் இருக்கும். ஒரு புடைப்பின் குறுக்குவெட்டுக்கு நான் வைத்த புள்ளிகளை ஒரு நாள் எண்ணத் தொடங்கினேன், நாலாயிரத்தில் விட்டுவிட்டேன்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் தெரிந்துகொள். இங்கிலாந்தில் ஆன்னா அட்கின்ஸ், சிப்பிகளை நுணுக்கமாக வரைந்து தேர்ந்தவர். பாசிக்கு வந்தபோது, இவ்வளவு பொடியானவற்றைப் பிசகில்லாமல் வரைவது கடினம் என்று சொல்லிவிட்டு, ரசாயனம் பூசிய தாளில் பாசியை வைத்து வெயிலில் காட்டினார். தாள் நீலமாகி, பாசி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. 1843இல் தொடங்கி அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். நிழற்படம் உள்ள முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பெயருக்குப் பதில் 'ஏ.ஏ.' என்று இரண்டு எழுத்து மட்டும் போட்டிருந்தார். பிற்காலத்தில் ஒருவர் அதைப் 'பெயர் சொல்லாத பொழுதுபோக்காளர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டாராம். ஆகவே நீ செய்கிற ஒவ்வொரு தாளிலும் தேதி, இடம், அம்மா சொன்ன பெயர், எடுத்தவர் அம்மா, ஒட்டியவர் நீ, எல்லாவற்றையும் முழுதாக எழுது.

மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி டச்சுக்காரர்கள் போட்ட பழைய புத்தகத்தில் நம் பக்கத்துச் செடிகளும் உண்டா?
வணிகர், தொண்டி

உண்டு. 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்பது அது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் முன்னின்று செய்தது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகள். முதல் படம் தெங்கு. சற்றுத் தள்ளி கரிம்பனை, நம் பனை மரம்தான். பதினோராவது தொகுதியில் 'சுவன்ன அடம்பு', அதாவது சிவந்த அடம்பு. மேலே கீழக்கரைப் பெண்ணுக்குச் சொன்ன அதே கொடி. அரபிக்கடல் கரையிலும் வங்கக்கடல் கரையிலும் அதற்கு ஒரே பெயர்தான்.

செடிகளைச் சொன்னவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். 1675இல் அவர் தந்த சான்று முதல் தொகுதியில் அவருடைய எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் உண்டு. வரைந்தவர்களில் மார்செலிஸ் ஸ்பிளின்டர் என்று ஒருவர் பெயர் தெரியும். லின்னேயஸ் பல செடிகளுக்குப் பெயர் வைத்தபோது அவர் கண்ணுக்கு முன்னால் செடி இல்லை, இந்தப் படம்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தப் பெயர்கள் சிலவற்றுக்குச் சான்று அந்தச் செப்புத்தகட்டுப் படமே. அச்சுதன் சொன்ன செடியை ஸ்பிளின்டர் தப்பாக வரைந்திருந்தால் உலகமே தப்பாகப் படித்திருக்கும்.

நம் ஓவியர்கள் வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்ததை நகல் எடுத்தவர்கள்தானே? இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?
வாசகர், பரமக்குடி

பரமக்குடியில் நெசவுத் தறியின் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருவர் இப்படிக் கேட்கலாமா?

காஷ்மீரத்துப் பூக்களில் நூற்றுக்கு மேல் தம் அரண்மனை ஓவியர் மன்சூர் வரைந்துவிட்டார் என்று மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் எழுதிவைத்திருக்கிறார். அது 1620ஐ ஒட்டிய காலம், ராக்ஸ்பரோ பிறக்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. நம் கரையில் துணியில் மூங்கில் பேனாவால் பூங்கொடி எழுதிச் சாயவேரில் சிவப்பேற்றிய கைகள் எத்தனையோ தலைமுறையாக இருந்தன. அந்தத் துணிக்கு ஐரோப்பாவில் அடிபிடி. அப்படிப்பட்ட கோட்டுப் பழக்கம் உள்ள நாட்டில்தான் கம்பெனிக்காரர்கள் ஓவியர்களைத் தேடிப் பிடித்தார்கள். பூவைப் பிளந்து உள்ளே பார், வெள்ளைத் தாளில் நடுவில் நிறுத்து, பக்கத்தில் பெரிதாக்கி எழுது என்பதெல்லாம் அவர்கள் சொன்னது. மறுக்கவில்லை. இலைநரம்பு எங்கே மெலிகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

செடி வரைந்தால் சோறு கிடைக்குமா?
வாசகர், ஏர்வாடி

எனக்குக் கிடைத்தது. குழம்பு கொஞ்சம் தண்ணீராக இருந்தது.

எங்கள் தாத்தா ஆடு மேய்த்தது உடைமரத்தடியில்தான். இப்போது எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம். உடைமரத்துக்கும் நீங்கள் சொல்கிற புத்தகங்களில் இடம் உண்டா?
ஆடு வளர்ப்பவர், சாயல்குடி

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், தம்பி.

உண்டு. அதற்குப் புத்தகப் பெயர் வைத்ததே மேலே சொன்ன வைட்தான். விடுப்பில் ஸ்காட்லாந்து போனபோது பெட்டி பெட்டியாகக் காய்ந்த செடிகளைக் கொண்டுபோய், வாக்கர் ஆர்னாட் என்ற நண்பரோடு உட்கார்ந்து வகை பிரித்து 1834இல் ஒரு நூல் போட்டார். அதில் இந்த மரம் 'அக்கேசியா பிளானிஃபிரான்ஸ்'. தட்டையான தழை உள்ளது என்று பொருள். இன்றைக்கு முன்பாதியை மாற்றி 'வாச்செல்லியா' என்கிறார்கள். பின்பாதி மாறவில்லை, மாற வேண்டியதும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அரிவாளால் உச்சியைச் சமமாகச் சீவியது மாதிரித்தானே நிற்கிறது? குடைவேலம் என்றும் சொல்வார்கள்.

நான் அதை வரைந்து முடிக்கவில்லை. வேலையில் இருந்தபோது பாசிதான் என் பங்கு, மரம் வரைய ஒருவரும் கேட்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு என் செலவில் தொடங்கினேன். கிளை ஆயிற்று. முள் ஆயிற்று. அந்த முள்ளே ஒரு வாரம் எடுத்தது, இரண்டிரண்டாக வரும், சில வெள்ளையாக நீண்டு நேராக இருக்கும், சில குட்டையாக வளைந்திருக்கும், இரண்டையும் ஒரே கிளையில் காட்ட வேண்டும். உருண்டைப் பூவும் ஆயிற்று. தாளின் கீழ் வலப்பக்கம் காய்க்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக அது காலியாக இருக்கிறது. எங்கள் பக்கம் எஞ்சியிருந்த இரண்டு மரத்தையும் கரிமூட்டத்துக்கு வெட்டிவிட்டார்கள்.

உங்கள் ஊரில் ஒரு மரமாவது காய்த்தால், முற்றிய காய் ஐந்தாறு, காம்போடு, ஒரு தீப்பெட்டியில் போட்டு இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். உங்கள் ஆடுகள் முந்திக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். உதிர்ந்ததைப் பொறுக்க வேண்டாம், கிளையிலிருந்தே பறியுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, பறித்தவர் யார் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பெயரை முழுதாக எழுதுங்கள், படத்தின் ஓரத்தில் போட வேண்டும்.